வளையல் காவல்

ஒன்பது வயதில் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. வளையல் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பது. பள்ளி வேன் மதியம் ஒன்றரை மணிக்கு என்னைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் முனையில் இறக்கிவிடும். அதுமுதல் அப்பா தேயிலை வெட்டி முடித்து வரும் நான்கு மணிவரை நான் முன்னறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே, அடுப்படியில் அம்மாவின் வளையல்கள் ஒலிக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். ஒலி நின்றால் பக்கத்து வீட்டு அத்தையிடம் ஓட வேண்டும்.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில், இரத்த அழுத்தம் ஏறி அம்மா அந்த அடுப்படியில் விழுந்து கிடந்தாள். வீட்டில் ஒருவரும் இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அம்மா மறுபடி உண்டானதும், இது ஆபத்தான கர்ப்பம் என்பதைக் காட்ட, கிளினிக் தாதி அம்மாவின் புத்தகத்தில் மஞ்சள் வில்லை ஒன்றை ஒட்டினாள். அப்பா என்னை முன்னறையில் உட்கார வைத்தார்.

வளையல்களை ஏழாம் மாதத்தில் அத்தைதான் போட்டாள். அப்பாவின் தங்கையான அவள், காலையில் ரிங்லெட் சாலையோரம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றுவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். அதன்பின் லயத்தில் அவள் குரலுக்கு ஓய்வில்லை.

“இந்தியாவுல இருந்து வந்தவங்களுக்கு நாங்க வளையல் அடுக்க வேண்டியிருக்கு, பாத்தீங்களா லா!” என்றாள் கூடியிருந்த பெண்களிடம்.

“எங்கூர்ல நாத்தனாருங்க வளையல் மட்டுந்தான் போடுவாங்க, பேசமாட்டாங்க” என்றாள் அம்மா.

அத்தை எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். பிறகு, பிள்ளை பிறக்கும்வரை ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

அம்மா சேலத்துப் பக்கத்திலிருந்து அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்நாட்டு அடையாள அட்டை அவளுக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. அரசு மருத்துவமனையில் மற்றப் பெண்களுக்குச் சில வெள்ளிப் பணத்தில் முடிகிற பிரசவம், அட்டை இல்லாத அவளுக்கு அப்பாவின் பல மாதச் சம்பளத்தைக் கேட்டது. மருத்துவமனையில் படுக்கும் ஒவ்வொரு நாளும் அதை இன்னும் நீட்டும். அந்தப் பணத்தைச் சேர்க்க, அப்பா நான்கு மணிக்குக் கறை படிந்த சட்டையை மாற்றிக்கொண்டு, கம்போங் ராஜா பக்கம் ஒரு பூத்தோட்டத்தில் லாரியில் சுமை ஏற்றப் போவார். அவர் திரும்பும்போது நாங்கள் கம்பளிக்குள் இருப்போம். ஆகவே அவர் பகலில் வீட்டில் இருந்தது ஒரு கால்மணி நேரம். அம்மா அடுப்படியில் ஆற்றும் தேநீரை நான் கொண்டுவந்து கொடுப்பேன். அவர் நின்றபடியே குடிப்பார்.

“பாப்பா, சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுப்பா.”

குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்புவார்.

கேட்பது எளிய வேலையென்று நினைத்திருந்தேன். ஒரு கணக்கைப் பாதியில் விட்டுக் காது கொடுப்பேன். ஒலி வந்ததும் கணக்கு எங்கே நின்றது என்பது மறந்துபோகும். அம்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் வளையல்கள் அடங்கிவிடும்; நான் எழுந்து நிற்பேன். மீண்டும் குலுங்கும்; உட்காருவேன். எங்கள் மலையில் பிற்பகல் மழை தவறுவதில்லை. தகரக் கூரையில் அது இறங்கிவிட்டால் வேறொன்றும் கேட்காது. அப்போதெல்லாம் பென்சிலோடு அடுப்படி வாசலில் போய் நிற்பேன். “ஏங் கண்ணு, பசிக்குதா?” என்பாள் அம்மா. ஆமாம் என்று சொல்லி, பசிக்காமலே தின்றேன்.

எட்டாம் மாதம் பிறந்த பின் ஒரு நாள் அந்த ஒலி எனக்கு உறுத்தியது. வேலையின் ஒலிக்கு ஒழுங்கு கிடையாது. அரிசி களைவது ஒரு விதம், சட்டி கழுவுவது ஒரு விதம். அன்று கேட்டதோ மூன்று குலுங்கல், ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. எழுந்து போய்ப் பார்த்தேன்.

அம்மா நெற்றியில் ஈரத்துணியோடு பாயில் படுத்திருந்தாள். வளையல்கள் அவள் கைகளில் இல்லை. பழைய பாவாடை நாடா ஒன்றில் அவற்றைக் கோத்து, கண்ணைத் திறக்காமலே ஆட்டிக்கொண்டிருந்தாள். வீங்கிய மணிக்கட்டுகளில் வளையல்கள் அழுந்திய தடம் மட்டும் இருந்தது.

“வந்துட்டியா” என்று கிசுகிசுத்தாள். “கை வீங்கிப்போச்சு கண்ணு. எண்ண போட்டுக் கழட்டிட்டேன். அத்தைகிட்டச் சொல்லிடாத.”

“அப்பாகிட்ட?”

“சொன்னா இன்னிக்கே கொண்டுபோய்ப் படுக்க வச்சிருவாரு. இன்னும் பத்து நாளு போவட்டும். கொஞ்சம் பணம் சேரட்டும்.”

அன்று அப்பா வரும் நேரத்துக்கு எழுந்து தேநீர் ஆற்றினாள். சுவெட்டர் கைகளை விரல் நுனிவரை இழுத்து விட்டிருந்தாள். எங்கள் குளிரில் சுவெட்டரை யாரும் ஐயுறுவதில்லை. அப்பா கேட்டார். கேட்டது என்றேன். அது பொய்யில்லை என்று அன்றிரவு நெடுநேரம் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அம்மாவின் கை ஓய்ந்துவிட்டது. “நீயே ஆட்டு கண்ணு, அத்தைக்குக் கேக்கணும்” என்று காதோடு சொல்லி நாடாவை என்னிடம் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் இடையிலிருந்த சுவர் கூரையைத் தொடாது. இங்கே தும்மினால் அங்கே வாழ்த்துவார்கள். கேட்பதற்காக அமர்த்தப்பட்ட நான் இப்போது ஒலிக்கவும் அமர்த்தப்பட்டேன். இரண்டையும் சிரத்தையோடு செய்தேன். அரிசி களைந்தேன், கீரை நறுக்கினேன், சட்டி கழுவினேன். எல்லாம் நாடாவில்தான்.

மூன்றாம் நாள் அம்மா என்னிடம் மணி கேட்டாள். கடிகாரம் அவளுக்கு நேரெதிரே தொங்கியது.

“முள்ளு ரெண்டு ரெண்டாத் தெரியுது கண்ணு.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது நாடா ஒன்றுதான். அம்மியில் மிளகாய் அரைக்கும் வேகத்தில் அதை ஆட்டத் தொடங்கினேன்.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அண்ணி! என்ன, கல்யாண வீட்டுக்கா அரைக்கிறீங்க? கொஞ்சம் உக்காருங்க லா!”

குறைக்கச் சொல்லி அம்மா விரலை அசைத்தாள். நான் குறைக்கவில்லை. பயத்தில் கை நிற்கவில்லையா, நிறுத்த வேண்டாமென்று நானே நினைத்தேனா என்பதை இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“வயித்துப் புள்ளக்காரிக்குச் சொன்னா ஏறுதா பாரு. இருங்க, வந்து கைய ஒடிக்கிறேன்!”

செருப்புச் சத்தம் கேட்டது. “ஒளிச்சு வையி” என்றாள் அம்மா. நான் நாடாவோடு அப்படியே நின்றேன்.

அத்தை கரண்டியோடு உள்ளே வந்தாள். பாயில் கிடந்த அம்மாவையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். குனிந்து அம்மாவின் பாதத்தில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

“ஊமக்கோட்டான், எத்தன நாளா?”

மூன்று விரல்களைக் காட்டினேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் வாசலில் நின்று, காய்கறி வேன் வைத்திருந்தவரைக் கத்தி அழைத்துக்கொண்டிருந்தாள். கோஸ் கூடைகளை இறக்கிவிட்டு அதில் அம்மாவைக் கிடத்தினார்கள். “அப்பா வந்தா ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லு” என்று அத்தை சொல்லி முடிப்பதற்குள் வேன் வளைவில் மறைந்துவிட்டது.

நான்கு மணிக்கு அப்பா வந்தார். என்றும்போல் வாசலிலேயே, “பாப்பா, சத்தம் கேட்டுச்சா?” என்றார்.

“இல்லப்பா.”

சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். எத்தனை நாளாக என்று அவர் கேட்கவில்லை. ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. சேற்றுக் காலணியோடு உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். அதில் அம்மாவின் இரண்டு கைலிகள், துண்டு, இந்தியக் கடப்பிதழின் நகல், பணம் வைத்து ரப்பர் வளையம் போட்ட ஓர் உறை எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. அந்தப் பையை அம்மா கட்டவில்லை. நானும் கட்டவில்லை.

தம்பி அன்றிரவே அறுவை செய்து எடுக்கப்பட்டான். அம்மாவின் சுவெட்டர் கையில் ஒரு பாதியே அவனுக்குப் போர்வையாகப் போதும் என்று அத்தை வந்து சொன்னாள். அம்மா பல நாட்கள் கழித்து வீடு திரும்பினாள். மருத்துவமனைக் கட்டணத்தை அப்பா தவணையில் கட்டிக்கொண்டே இருந்தார். தம்பி பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் பூத்தோட்டத்து வேலை தொடர்ந்தது.

அம்மாவும் நானும் சேர்ந்து அப்பாவை ஏமாற்றினோம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்; அந்தக் குற்றவுணர்வோடு அவருக்குத் தேநீர் கொடுத்துவந்தேன். எங்கள் முன்னறையிலிருந்து அடுப்படிக்கு எட்டு அடி. கேள்வி கேட்கும் நேரத்தில் அவர் நடந்தே போய்ப் பார்த்திருக்கலாம். ஒரு நாளும் போகவில்லை. என் முகத்தையும் பார்க்கமாட்டார். குவளைக்குள் பார்த்தபடி என் பதிலுக்குக் காத்திருப்பார். அது வந்த பிறகுதான் அவரால் மோட்டாரைக் கிளப்ப முடிந்தது.