சாத்தாங்காட்டு மாடியில் ஒரு சொல்மரம்

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகள் அவை. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். வீடு திருவொற்றியூரில். எங்கள் ஊர், ராயபுரம், எண்ணூர் ஆகிய இடங்களில் இருந்த மூன்று கிளினிக்குகள், தங்கள் மூச்சு நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டன. சேர்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஒரே தொல்லையை ஒருவர் ‘வீசிங்’ என்றார், இன்னொருவர் ‘இரைப்பு’ என்றார், மூன்றாமவர் நேராக ‘ஆஸ்துமா’ என்றே எழுதிவிட்டார். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு விஷயங்கள்.

இதற்கு வழி ‘ஆன்டாலஜி’ என்று இணையத்தில் படித்தேன். எந்தச் சொல் எதன் வகை, எது எதனால் வருகிறது என்று கணினிக்கும் புரியும்படி கோத்து வைக்கிற சொல்மரம். வெளிநாடுகளில் பலர் கூடிப் பொதுவாக அப்படி ஒன்றை வளர்த்துவந்தார்கள். நாமும் சேரலாம் என்று தோன்றியது. அதற்கு முதலில் எங்கள் ஆட்கள் ஒரே அறையில் உட்கார வேண்டுமே!

சாத்தாங்காட்டில் அப்பாவின் இரும்புக்கடைக்கு மேலே ஒரு அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரும்பு மார்க்கெட்டுக்கு லீவு; தகடு வெட்டும் சத்தம் இருக்காது, பேசினால் காதில் விழும். அங்கேதான் கூடினோம். எண்ணூர் டாக்டரம்மா ஒரு புதுச் சொல் கொண்டுவந்தார்: ‘வேலைநாள் இரைப்பு.’

“இதுல புதுசா ஒண்ணுமில்லம்மா. ஆஸ்துமான்னு போட்டா போதும்” என்றார் ராயபுரம் டாக்டர். அங்கிருந்தவர்களில் அவர்தான் மூத்தவர்.

“இன்னா சார் இப்டி சொல்றீங்க?” என்று எண்ணூர் நர்ஸ் குறுக்கிட்டார். “வேலைக்குப் போனா மூச்சு இஸ்துகினு வருது, லீவு போட்டா நல்லா கீதுன்னு வர்றவங்க அல்லாரும் சொல்றாங்க.”

“சொல்றதெல்லாம் ஒரு நோயாயிடுமா?”

“நோய்னு நாங்க சொல்லலையே டாக்டர். அறிகுறின்னுதான் சொல்றோம்” என்றார் டாக்டரம்மா.

ராயபுரம் டாக்டர் எழுந்து போய்விட்டார். கீழே அவருடைய ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் இல்லாவிட்டால் ராயபுரம் இல்லை. ராயபுரம் இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை.

மறுநாள் மாலை அவருடைய கிளினிக்குக்குப் போனேன்.

“சார், அவங்க சொல்லுக்கு விளக்கம் நீங்க எழுதுங்க. உங்க சொல்லுக்கு அவங்க எழுதட்டும்.”

அவர் சிரித்துவிட்டார். “எதிர்க்கட்சிக்காரனையே வக்கீலாக்குறியா?”

அடுத்த ஞாயிறு வந்தார். “எங்கிட்ட வர்ற ஹார்பர் கூலி ஆளுங்களையும் கேட்டுப் பார்த்தேன். அவங்களுக்கும் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் விளக்கத்தை வாசித்தார். இரண்டே வரி, ஒரு சொல்லை உருவ முடியாது. நர்ஸ்தான் முதலில் கைதட்டினார். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாயிற்று: எந்தச் சொல்லானாலும், அதை எதிர்ப்பவர்தான் விளக்கம் எழுத வேண்டும். சண்டைகள் குறையவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

‘வேலைநாள் இரைப்பு’ என்ற சொல்லை ஆங்கிலமாக்கி வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பினோம். ஏற்கெனவே இருக்கும் ஆஸ்துமாவே போதும் என்று பதில் வந்தது. அதைப் படித்த ராயபுரம் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அது நோய், இது அறிகுறி! இதுகூடத் தெரியாதா அவங்களுக்கு? நீ டைப் பண்ணு, நான் சொல்றேன்.”

டாக்டரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மூன்று கிளினிக்கும் கையெழுத்திட்டு அனுப்பினோம். மறுபடி கேள்வி வந்தது. மறுபடி பதில் போட்டோம். அப்படியே சில வாரங்கள் போயின.

ஒரு ஞாயிறு, திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் எல்லோரும் ஒரே திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கம் மெதுவாகத் திறந்தது. உலகத்துக்கெல்லாம் பொதுவான அந்த மரத்தில், இரைப்பு என்ற கிளைக்குக் கீழே, எங்கள் சொல்! நாங்கள் போட்ட கூச்சலில் சென்டர்காரர் ஓடிவந்தார்.

“இன்னாக்கா, இந்தியா ஜெயிச்சிட்ச்சா?”

“எண்ணூர் ஜெயிச்சிட்ச்சுப்பா!” என்றார் நர்ஸ்.

அடுத்த மாதமே வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் கிளினிக்காரர்கள் தங்கள் சொற்களோடு வந்து சேர்ந்தார்கள். மாடியில் நாற்காலி போதவில்லை. ராயபுரம் டாக்டர் தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, புதிதாக வந்தவர்களிடம் எங்கள் வழக்கத்தை உரக்க விளக்கிக்கொண்டிருந்தார்.