லாக் அடிக்காத கட்டார்

கேம் ஆடுவதைவிட, ஆடி முடித்ததைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஆடும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். யார் எங்கே பதுங்கினான், யார் பொய் சொன்னான் என்பதெல்லாம் ரீப்ளேயில்தான் வெளிப்படும். யூடியூபில் லைவ் என்று கத்துகிறவர்களில் பாதிப் பேரை நான் நம்புவதில்லை. அதிர்ச்சியாவதைக்கூட ஒத்திகை பார்த்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். திடீரென்று கெட்டிக்காரனாகிறவனை அறவே நம்பமாட்டேன். நேற்றுவரை சுவரைச் சுட்டவன் இன்று ஓடுகிறவனின் தலையில் சுட்டால், ஏதோ ஹேக் போட்டிருக்கிறான்.

அந்தச் சந்தேகம் எனக்கு என் புருஷனிலேயே வந்தது.

அவர் கட்டாரில் டிரைவர், நான் ஏறாவூரில். வீடியோ கோல் எடுத்தால் சாப்பிட்டாச்சா என்பதோடு கதை முடிந்துவிடும். அதனால் இரண்டு பேரும் சோடியாக ஒரு துப்பாக்கி கேம் ஆடுவோம். கை வேலையாக இருந்தால் வாய் தானாகக் கதைக்கும். நாங்கள் குடும்பம் நடத்தியதே அந்த மைக்கில்தான். ஆனால் அங்கிருந்து நெட் இழுபட்டு அவருக்கு எப்போதும் லாக் அடிக்கும். எதிரி ஓடிப்போன பிறகுதான் இவருடைய குண்டு வரும். நான்தான் ஓடிப்போய்க் காப்பாற்றுவேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் அவர் சுட்டதெல்லாம் பட ஆரம்பித்தது.

"என்ன, புது ஃபோனா?" என்று கேட்டேன்.

"ரூம்ல வைஃபை மாத்தின" என்றார்.

ரீப்ளேயை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஹேக் போட்டவனின் துப்பாக்கி, சுவருக்குப் பின்னால் நிற்பவனின் பக்கமும் திரும்பும். இவருடையது அப்படித் திரும்பவில்லை. களவு எங்கே என்று பிடிபடாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் மைக்கை நிறுத்துவது எங்கள் வழக்கம். இங்கே சொன்னால் நான் நிறுத்துவேன், கட்டாரில் சொன்னால் அவர். இரண்டு இடத்துக்கும் நேரம் வேறு. இப்போதோ எங்கள் ஊர்ப் பாங்குக்கு, என்னை முந்திக்கொண்டு அவருடைய மைக் நின்றது. கேட்டதற்கு, "ஒரு மரியாததான்" என்றார். இவருக்கு எப்போது இவ்வளவு மரியாதை வந்தது?

ஒரு பின்னேரம் ஆடிக்கொண்டிருக்கும்போது அவருடைய மைக்கில் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்குக்கு என்றால் நேரம் தெரியும், முன்கூட்டியே நிறுத்திவிடலாம். மௌத்துக்கு ஏது நேரம்? சாவு சொல்லிவிட்டா வரும்? ஜனாஸா அறிவித்தல் என்று தமிழில் ஒரு குரல். இன்னாருடைய வாப்பா, இன்னாருடைய மாமனார் என்று வரிசையாகச் சொல்லி, எங்கள் பக்கத்து ஓட்டமாவடியில் எந்தப் பள்ளிவாசலில் தொழுகை என்பதையும் இரண்டு தரம் சொன்னது. அவர் மைக்கை நிறுத்துவதற்குள் எல்லாம் என் காதில் விழுந்துவிட்டது.

"இஞ்சாருங்க, ஓட்டமாவடி மௌத்த எப்ப இருந்து கட்டாரில சொல்றாங்க?"

எதிரிகள் வந்து எங்கள் இரண்டு பேரையும் சுட்டுவிட்டுப் போனார்கள். பிறகுதான் அவருடைய மைக் திறந்தது.

"வேல போயிட்டு. கூட்டாளிட ஊட்ட நிக்கன். வெறுங்கையோட எப்பிடி வாற எண்டுதான்..."

"ஊர் கதைக்கும் எண்டு பயமா?"

"ஊருக்கில்ல. உனக்குத்தான்."

ஒரு பஸ் தூரத்தில் யாரோ வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, என்னிடம் கட்டார் வெயிலைப் பற்றிக் கதைத்திருக்கிறார். நானும் பாவம் என்று இரங்கி, தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் அழுகையும் வந்துவிட்டது.

"வெறுங்கையோடயே வாங்க. இண்டைக்கே வாங்க" என்றேன்.

"வாறன்" என்றார்.

நான் நம்பவில்லை. அபாயாவைப் போட்டுக்கொண்டு, ஓட்டமாவடி வழியாகப் போகிற பொலன்னறுவை பஸ்ஸில் ஏறினேன். எங்கே தேடுவது என்பதை ஒலிபெருக்கியே சொல்லியிருந்தது. வழியெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டே போய், ஓட்டமாவடியில் அந்தப் பள்ளிவாசலடியில் இறங்கினேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏறாவூர் பஸ் நிற்கிற இடத்தில், அவர் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.