இரண்டாவது கேன்

முதல் கேனை விளிம்புவரை நிரப்புகிறார் சிற்றம்பலம். இரண்டாவதில் நாலு விரல் இடம் விட்டுக் குழாயை மூடிவிடுகிறார். மூடியை மூன்று முறை திருகிப் பார்க்கிறார், பழைய துண்டால் துடைக்கிறார். குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் அவரை அவசரப்படுத்துவதில்லை. ஏன் இடம் விடுகிறீர்கள் என்று கேட்டேன். "கடல்ல போட்டா மெதக்கணும்ல?" என்றார். குடிக்கிற தண்ணீரைக் கடலில் எதற்குப் போடவேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் சிதம்பரத்துக்காரன், பத்திரிகைக்கு எழுத வந்தவன். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. கடலூர்த் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குப்பத்தில் அவருடைய பைபர் படகில் ஏறிய அரைமணி நேரத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். முதல் கேனைப் பாதி காலி செய்தேன். முகம் கழுவலாம் என்று அடுத்ததை நோக்கிக் கை நீண்டபோது அவருடைய மச்சான் பாண்டியன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அதுல மட்டும் வேணாம் சார். மாமா கோச்சிக்குவாரு."

சிற்றம்பலத்துக்கு ஐம்பத்தைந்து வயது. குள்ளம். என்ஜின் சத்தத்திலேயே வாழ்ந்து இடது காது மந்தமாகிவிட்டது. எதிரே எந்தப் படகு வந்தாலும் கையைத் தூக்கி ஒரே கேள்விதான்: "தண்ணி எப்பிடி ஓடுது?" வணக்கம், சௌக்கியம் எல்லாம் அதற்குள் அடக்கம். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கடலில் பிழைப்பவன் யோசிக்காமல் சொல்வான்.

மும்பையில் கடல்வழியாக வந்தவர்கள் அத்தனை பேரைக் கொன்றதற்கு மறு வருஷம், குப்பத்தில் போலீஸார் கூட்டம் போட்டார்கள். தெரியாத படகைக் கண்டால் உடனே போன் செய்யுங்கள், கிட்டே போகாதீர்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. சில மாதம் கழித்து ஓர் ஒத்திகை. போலீஸ்காரர்களே லுங்கி கட்டிக்கொண்டு தீவிரவாதி வேஷத்தில் படகில் வந்தார்கள். சிற்றம்பலம் தன் கேள்வியைக் கேட்டார். "சூப்பரா ஓடுதுண்ணே" என்றார் வந்தவர்களில் ஒருவர். அடுத்த நிமிஷம் தகவல் போய்விட்டது. சிற்றம்பலத்துக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அதற்கு அடுத்த மாசியில் இன்னொரு படகு. மூன்று பேர் இருந்தார்கள். பக்கவாட்டில் இருந்த எண் உரிந்துபோயிருந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. ஒருவர் மட்டும் துணியை ஆட்டினார். சிற்றம்பலம் போன் செய்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே கிட்டே போகாமல், வலையை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பிவிட்டார். ரோந்துப் படகு தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. வந்து சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. அவர்கள் நெல்லூர்ப் பக்கத்து மீனவர்கள். என்ஜின் நின்று ஆறு நாள், குடிநீர் தீர்ந்து மூன்று நாள். குரல் கொடுக்கத் தொண்டையில் ஈரம் இல்லை. இருவர் பிழைத்தார்கள். துணி ஆட்டியவர் கரைக்கு வரும் வழியிலேயே இறந்துபோனார். அவர் பெயர் போலய்யா. சிற்றம்பலம் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயர் அது.

"அந்தாளு ஆட்டுனத நான் பாத்தேன் சார். ஏமாத்துறான்னு நெனச்சிட்டேன்" என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் கேன்ல அப்ப தண்ணி இருந்துச்சி."

அதோடு குப்பத்தில் ஒருவரும் போலீஸ் கொடுத்த எண்ணுக்குப் பேசுவதில்லை. நமக்கெதுக்கு வம்பு என்று இருந்துவிடுகிறார்கள். பாண்டியனும் அந்தக் கட்சிதான்.

"வுட்டுடு மாமா. போலீஸ்காரங்க பொழப்ப அவுங்க பாக்கட்டும்."

"நெசமாவே ஒருத்தன் வந்து நம்ம பஸ் ஸ்டாண்டுல குண்டு வெச்சிட்டான்னா? பாத்துட்டு சும்மா வந்தேன்னு யாருகிட்ட போயி சொல்லுவ?"

"அப்ப போன் போடு."

"போட்டுட்டு?"

பாண்டியன் படகில் சேர்ந்த தண்ணீரை இறைக்கப் போனான்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். கிழக்கே ஒரு நீலப் படகு, என்ஜின் சத்தமில்லாமல் நின்றது. இரண்டு பேர். சிற்றம்பலம் கையைத் தூக்கினார். "தண்ணி எப்பிடி ஓடுது?" பதில் இல்லை. மறுபடி கேட்டார். ஒருவர் எழப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். திரும்பிவிடலாம் என்று நான் வெட்கமில்லாமல் சொன்னேன்.

அவர் பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்தார். தன் பெயர், ஊர், படகு எண், அந்தப் படகின் நிறம், எத்தனை பேர், எல்லாம் நிதானமாகச் சொன்னார். "சரிங்க, கிட்ட போவ மாட்டேன். ஆனா நீங்க வர்ற வரிக்கும் இங்கியே நிக்கிறேன்" என்று வைத்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டாவது கேனை எடுத்தார்.

"வேணாம் மாமா."

"தெக்கால சுத்திப் போ மச்சான். தண்ணி வடக்க இழுக்குது."

பாண்டியன் முணுமுணுத்துக்கொண்டே படகைச் சுற்றி ஓட்டினான். நீலப் படகுக்குத் தெற்கே, கல்லெறி தூரத்துக்கும் அப்பால் நின்றோம். சிற்றம்பலம் நீண்ட கயிற்றின் ஒரு முனையை இரண்டாவது கேனின் கைப்பிடியில் கட்டி, அதை மெதுவாகக் கடலில் இறக்கினார். கேன் ஒருமுறை அமிழ்ந்து மேலே வந்தது. நீரோட்டம் அதை அந்தப் படகை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. சிற்றம்பலம் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார்.