ஒன்பது வருடக் கரண்டி

எடெல்மிராவுக்கு அன்றைய முதல் அதிர்ச்சியைக் கொடுத்தது ஒரு துணி துவைக்கும் இயந்திரம். பொகோட்டாவின் தெற்கு மலைச்சரிவில், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று நகராட்சி திறந்த மையத்தில் அது இருந்தது. அழுக்கு மூட்டையை அதில் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். காசு கிடையாது. துவைத்து முடியும்வரை நோயாளியைப் பக்கத்து அறையில் ஆள் வைத்துக் கவனிப்பார்கள்.

"காசு வாங்காம எவன் துவைச்சுத் தருவான்? ஏதோ உள்குத்து இருக்கு" என்று மூன்று மாதம் இழுத்தடித்தவள் அவள். பக்கத்து வீட்டு லியோனில்தே விடவில்லை.

"நீ படுத்துட்டா உன் புருஷனுக்கு யாரு ஊட்டுவா, நானா? என் வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, கை கால் நல்லா இருந்தும் உக்காந்து திங்கிறது!"

எடெல்மிராவின் கணவர் ஓவிதியோ கொத்தனார். ஒன்பது வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் வலப்பக்கம் விளங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "நீங்களே ஊட்டிவிடுங்க" என்றாள். அன்றைக்குப் பிடித்த கரண்டியை இவள் கீழே வைக்கவில்லை. போதும் என்று சொல்ல யாரும் வரவுமில்லை. அவர் குடித்து முடிப்பதற்குள் இவளுடைய சூப் ஆறி ஆடை கட்டியிருக்கும். நின்றபடியே விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள்.

ஒருவழியாக இன்றுதான் வந்து, ஓவிதியோவைப் பக்கத்து அறையில் ஒரு சின்னப் பெண்ணின் பொறுப்பில் விட்டிருந்தாள். இயந்திரம் சுற்றத் தொடங்கியது. நாற்பது நிமிடம் என்றார்கள். சும்மா இருந்து பழக்கமில்லாத கை பரபரத்தது. மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. உருளைக்கிழங்கை மசித்துக் கொடுக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அரை மணிக்கு மேல் தாங்கவில்லை, எழுந்து ஓடினாள்.

கதவைத் திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஓவிதியோ இடது கையால் தானே சூப் குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் மார்பில் சிந்தியிருந்தது, மீதியெல்லாம் ஒழுங்காக வாய்க்குள் போயிற்று. பார்த்துக்கொள்ள வேண்டிய அந்தப் பெண் யுரானி இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னொருவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வந்தது ஆத்திரம்.

"ஓவிதியோ! என்ன இது?"

அவர் திருடன் மாதிரி கரண்டியைக் கீழே வைத்தார். "இந்தப் பொண்ணு கையில குடுத்துட்டுப் போயிடிச்சு. நான் என்ன பண்ணட்டும், கிழவி?"

"ஒன்பது வருஷமா வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தீங்களே! எனக்கு வேற வேலையே இல்லைன்னு நெனச்சீங்களா?"

"வீட்டுக்கு வந்த மொத வாரம் நானே எடுத்துக் குடிச்சேன். போர்வையெல்லாம் கொட்டிடுச்சு. நீ அடுப்படியில போய் அழுதே. எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் எப்படித் தொடுவேன்?"

அந்த அழுகை அவளுக்கு நினைவிருந்தது. அது போர்வைக்காக அழுததில்லை. இனிமேல் ஒத்தாசைக்கு வர முடியாது என்று அவள் தங்கை சொல்லியனுப்பிய நாள் அது. அவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று மறைத்துவிட்டாள். ஒன்பது வருடம்! ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் போதாதா?

"எடெல்மிரா அம்மா, உங்களுக்கும் ஒரு தட்டு வச்சிருக்கேன். உக்காருங்க" என்றாள் யுரானி.

உட்கார்ந்தாள். எதையும் யோசிக்காமல் கரண்டி நிறைய எடுத்து வாயில் வைத்தாள். நாக்கு வெந்துபோயிற்று.

"ஐயோ, சுடுதே!"

"சூப்புன்னா சுடத்தான் செய்யும். ஊதிக் குடி, கிழவி" என்றார் ஓவிதியோ.

ஒன்பது வருடமாக அவருக்கு ஊதி ஊதிக் கொடுத்தவள் அவள். இப்போது தன் கரண்டியை உதட்டருகே பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் கட்ட அவரையே பார்த்தாள். துணி துவைத்து முடிந்துவிட்டதென்று பக்கத்து அறையில் மணி அடித்தது. அவள் எழுந்து போகவில்லை. மெதுவாக ஊதினாள்.