நடிகர் கையில் காய்த்த சௌசௌ

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். "நீதான் எழுதணும்" என்று அத்தான் சொன்னதிலிருந்து எனக்கு மலைப்பாகவே இருக்கிறது. கூடவே வாழ்ந்தபோது சாதாரணமாகத் தெரிந்தவரை இப்போதுதான் அண்ணாந்து பார்க்கிறேன்.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அக்கா பிறந்தார். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது பள்ளிக்கூடத்தை விட்டு நின்று என்னை வளர்த்தவர் அவரே. மணமாகி நோர்வூட்டுக்கு வந்து, சில காலம் கொழுந்து பறித்து, பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில் ஆயாவானார். மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது அவர் பொறுப்பு. வெறும் ரொட்டியும் சம்பலும் வளரும் பிள்ளைக்குப் போதுமா? காம்பிராவுக்கும் பஸ் பாதைக்கும் நடுவே சும்மா கிடந்த மேட்டைத் தானே கொத்தி கரட், போஞ்சி, கோவா, கீரை என்று காய்கறித் தோட்டம் வைத்தார்.

இப்படி இருக்கையில்தான் பெயர்பெற்ற சினிமா நடிகர் ஒருவர் டீவியில் நூடுல்ஸ் விளம்பரத்துக்கு வரத் தொடங்கினார். பிள்ளைகள் தட்டில் காய்கறியை ஒதுக்கிவிட்டு, "ஹீரோ திங்கிறதுதான் வேணும்" என்று அடம்பிடித்தார்கள். களைத்து வரும் தாய்மாருக்கும் அதுதான் லேசு, டப்பாவில் அதையே கட்டிக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அக்கா அந்த நடிகருக்குத் தீவிர ரசிகை. வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவர் படமும் இருந்தது. "அவரு நடிச்சா பாப்பேன். அதுக்காக அவரு சொல்றத ஒலையில வைக்கணுமா?" என்பார். ஆனால் பிள்ளைகள் சோற்றைத் தொடாமல் எழுந்துபோன நாட்களில் அக்காவுக்கும் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு, அதே நடிகர் நூடுல்ஸ் பாக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய விளம்பரப் பலகை ஒன்றைக் கம்பனிக்காரர்கள் கொண்டுவந்து அக்காவின் பாத்தியிலேயே நட்டுவிட்டார்கள். நான் ஆத்திரப்பட்டேன். அக்கா அந்த இரும்புக் கம்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பந்தல் போடுற வேலை மிச்சம்டி" என்று சொல்லி அதன் அடியில் முளைவிட்ட சௌசௌ ஒன்றைப் புதைத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் கொடி பலகை முழுக்க ஏறிவிட்டது. நடிகரின் முகத்தில் மட்டும் ஓர் இலை படவில்லை. அந்தப் பக்கம் வந்த கொடியை அக்கா தினமும் தடியால் ஒதுக்கிவிட்டார், ரசிகை அல்லவா! பாக்கெட் கொடிக்குள் மறைந்து, நீட்டிய கைக்கு நேரே இரண்டு சௌசௌக்காய்கள் தொங்கின. அதை முதலில் பார்த்தவள் ஒரு சின்னப் பெண்தான். "ஆயாம்மா, ஹீரோ சௌசௌ வச்சிருக்காரு!" அன்று மதியம் சௌசௌக் கறிக்கு அடிபிடி. அக்கா திட்டம்போட்டுத்தான் செய்தாரா? கேட்டால், "கொடி அது போற பக்கம் போவுது, எனக்கென்ன தெரியும்?" என்று சிரிப்பார். இன்றும் எனக்கு விடை தெரியாது.

கம்பனி ஐயா ஒருவர் கொழும்பிலிருந்து கோபமாக வந்து இறங்கினார்.

"பாக்கெட் எங்கம்மா?"

"கொடிக்குப் பின்னால பத்திரமா இருக்குங்க சார். முகத்த மறைக்கலீங்க, பாருங்க."

கொடியை வெட்டச் சொன்னார். அக்காவே கத்தியை எடுத்து வெட்டி, பிஞ்சுகளைப் பறித்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் வந்தவரைச் சும்மா அனுப்புவது எங்கள் வழக்கமில்லையே. அவருக்கும் ஒரு தட்டுப் போட்டார். அவரும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் பலகையில் பாக்கெட் பளிச்சென்று தெரிந்தது. பழைய கதைதான் திரும்பப் போகிறது என்று நான் பயந்தேன். அக்கா வழக்கம்போல் தட்டுகளை வைத்தார். பிள்ளைகள் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாக்கில் ருசி ஏறிவிட்டிருந்தது.

கடைசி மாதங்களில் சிறுநீரக நோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியது. அப்போதும் வருகிறவர்களிடம் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றுதான் விசாரித்தார். கண் துஞ்சாமல் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கேட்டபோதெல்லாம் விதை கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வேனும் கொடுத்த, நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் கடைக்காரருக்கும், லய வீட்டு வரிசைச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அடக்கத்தன்று பெட்டியை யார் தூக்குவது என்று அத்தான் கலங்கி நின்றபோது, கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் பஸ்ஸிலிருந்து கூட்டமாக இறங்கி வந்தார்கள். எல்லாரும் அந்தக் காம்பிராவில் வளர்ந்தவர்கள். "நகருங்க சித்தி, எங்க ஆயாம்மாவ நாங்க தூக்குறோம்" என்றார்கள். மயானத்துக்குச் செங்குத்தான ஏற்றம், சறுக்கும் மழை. தோள் மாற்ற ஆட்கள் முன்வந்தும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா ஊட்டிய சோறு எங்கே போயிற்று என்பதை அன்று அந்தத் தோள்களில் பார்த்தோம்.