சைலன்சரை மாற்றிய மறுநாள்

பெற்ற அப்பா மேலேயே காரை ஏற்றப் பார்த்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பயம்தான் இன்னும் போகவில்லை.

மெர்லிமாவ் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் அப்பாவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்பா முப்பது வருடம் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கத்திலேயே நின்றவர். காது முக்கால்வாசி போய்விட்டது. ஒப்புக்கொள்வாரா? மாட்டார். நாம்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறோமாம்.

காரோடு வந்த சைலன்சர் இருந்தவரை என் கார் ஒரு மேடு ஏற ஆயிரம் முனகல் முனகும். ஒர்க்‌ஷாப் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள போட்டு அடைச்சு வெச்சிருக்கான் தம்பி. பொக எப்படி வெளிய போவும்? காடிக்கு மூச்சு முட்டுதுலா" என்றார். விடுவேனா? அன்றைக்கே அதைக் கழற்றச் சொல்லி, வாய் அகலமான எக்ஸோஸ் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டேன். அடேயப்பா, என்ன இழுப்பு! என்ன சத்தம்! தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது.

அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். "கழட்டுடா அத. எனக்கே கேக்குதுன்னா ஊருக்கு எப்படிடா இருக்கும்?"

அன்றிலிருந்து தினமும் இதே பாட்டு. ஆனால் காலையில் நான் எஞ்சினை முடுக்கியதும், காருக்குப் பின்னால் செம்பருத்தி பறித்துக்கொண்டிருப்பவர் தானாகவே விலகிப்போய் கேட்டைத் திறப்பார். கேட் திறந்திருந்தால் அப்பா நகர்ந்துவிட்டார் என்று அர்த்தம். நான் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் எடுப்பேன். இப்படியே சில மாதம் பழகிப்போனது.

ஒருநாள் பெரிய சாலையில் போலீஸ்காரர்கள் தடுப்புப் போட்டிருந்தார்கள். சத்தத்தைக் கேட்டதுமே ஓரங்கட்டச் சொல்லி, சம்மன் எழுதிவிட்டார்கள். பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டுமாம். வீட்டில் சொன்னால் அப்பா "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வாரம் பிடித்துக்கொள்வார். அந்த எரிச்சலில், அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பழையதை மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீம்பு, வேறென்ன?

மறுநாள் காலை எஞ்சினை முடுக்கினேன். கேட் திறந்திருந்தது. ரொட்டிக்காரரிடம் ரொட்டி வாங்க அப்பா முன்பே திறந்துவிட்டு, மறுபடி பூப்பறிக்க வந்துவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ரிவர்ஸ் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

பின்னால் நறுக்கென்று தகரம் நசுங்கும் சத்தம்.

பிரேக்கை மிதித்தேன். கதவைத் திறக்கக் கை வரவில்லை. "அப்பா! அப்பா!" என்று உள்ளிருந்தே கத்தினேன். எப்படியோ இறங்கி ஓடினால், அப்பா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். பூத்தட்டு டயருக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. சுற்றிலும் சிவப்பு. பூவா ரத்தமா என்று ஒரு கணம் புரியவில்லை. பூதான். கீழே சிந்திய பூவைப் பொறுக்கக் குந்தியிருக்கிறார். டயருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அந்தப் பெரிய எக்ஸோஸ் இருந்திருந்தால் தட்டு நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டிருக்காது. அது இருந்திருந்தால் அவர் அங்கே குந்தியிருக்கவும் மாட்டார்.

பயத்தில் அவர்மீதே பாய்ந்தேன். "காடி ஸ்டார்ட் பண்ணது கேக்கலயாப்பா உங்களுக்கு?"

அவர் என் வாயையே பார்த்தார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காரைத் திரும்பிப் பார்த்தார். பம்பர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கேக்கலடா" என்றார்.

அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த எக்ஸோஸை விற்றாயிற்று. இப்போதெல்லாம் காலையில் சாவியைத் தொடும் முன் பின்னால் போய் அவர் தோளைத் தொடுகிறேன்.

"அப்பா, காடி எடுக்கப் போறேன்."

"ஏன்டா கத்துற? எனக்கு நல்லாத்தான் காது கேக்குது."

சொல்லிக்கொண்டே கேட்டைத் திறக்கப் போகிறார். அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும்வரை நான் காரில் ஏறுவதில்லை.