பச்சைச் சட்டைக்காரர்கள் ஜெயிப்பார்கள்

திங்கட்கிழமை விடியற்காலைகளில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் அமெரிக்கர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருப்பார்கள். டிவிக்கு எதிரே, ஈரத் தலையும் அப்போதுதான் இட்டுக்கொண்ட திருமண்ணுமாக என் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சத்தத்தை முழுக்கக் குறைத்திருப்பார். அந்த ஊர் வர்ணனையாளர்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. வாசலில் ரங்கநாதரைச் சேவிக்கப் போகிறவர்களின் பேச்சுக் குரல்கள் கடந்து போகும். நான் சமையலறையில் டிபன் பாக்ஸ்களை நிரப்பிக்கொண்டே, கூடத்திலிருந்து வரும் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "ஏம்மா, பச்சைச் சட்டைக்காரா ஜெயிச்சுடுவா போலிருக்கே" என்பார். அவர் அப்படிச் சொன்னால் பச்சைச் சட்டைக்காரர்களுக்கு அன்றைக்குப் பொழுது சரியில்லை என்று எனக்குப் புரிந்துவிடும்.

மாமனார் திருச்சி ஜங்ஷனில் அறிவிப்பாளராக இருந்தவர். கம்ப்யூட்டர் குரல் வராத காலம் அது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதமாக வரும் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். "வந்து சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது" என்ற வாக்கியத்தை அவர் அளவுக்கு நம்பிக்கையோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தொனி போகவில்லை. "மழை வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது" என்று சொல்லிக் குடையோடு கிளம்புவார். வெயில் கொளுத்தும். குடையை விரித்துக்கொண்டே திரும்பி வருவார், கொஞ்சமும் அசடு வழியாமல்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் கணவர். இளையவன், என் கொழுந்தன், படித்து முடித்து அமெரிக்கா போனவன், அங்கேயே கூட வேலை பார்த்த அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போன் செய்தான். மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். போனை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் நடந்து போய்விட்டார். அதற்கப்புறம் இளையவனின் பெயரை அவர் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. யாராவது விசாரித்தால், "சௌக்கியமா இருப்பான்" என்பார். அப்படியே சில வருஷங்கள் ஓடின. நானும் கொழுந்தனும் மட்டும் அவ்வப்போது பேசிக்கொள்வோம். "அப்பா எப்படி இருக்கார் மன்னி?" என்பதுதான் அவன் முதல் கேள்வியாக இருக்கும்.

அந்த மௌனத்துக்குள் தைரியமாக நுழைந்தவர் அவனுடைய மாமனார். எங்களுக்குச் சம்பந்தி. மனைவியை இழந்தவர், லாரி ஓட்டிப் பிழைத்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை என் போனுக்கு வீடியோ அழைப்பு வந்தது. கொழுந்தன் மனைவி, என் ஓர்ப்படி, என்று நினைத்து எடுத்தேன். திரையில் சிவந்த முகமும் வெள்ளைத் தாடியுமாக ஒரு பெரியவர். "உங்கள் மாமனாரிடம் பேச வேண்டும். நான் பேசாமல் இருந்தது மரியாதை இல்லை" என்றார். போனை மாமனாரிடம் நீட்டி, "உங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னேன்.

வீடு தேடி வந்தவரை வாங்கோ என்று சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. போனிலே வந்தாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். அங்கே குளிர் எப்படி, இங்கே வெயில் எப்படி என்று பேசினார்கள். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் இருவரும் சிரித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியின் முதுகுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அங்கே என்ன தகராறு?" என்று கேட்டார்.

சம்பந்தி திரும்பிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தகராறு இல்லை, புட்பால் என்றார். காலால் உதைக்கக் காணோமே என்றார் மாமனார். சம்பந்தி விளக்க ஆரம்பித்தார். பத்து கஜம் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகள். முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச்டவுன், ஆறு பாயிண்ட். இதை மாமனார் எவ்வளவு கவனமாகக் கேட்டாரென்றால், நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தேன். கடைசியில் சம்பந்தி, "எந்த அணி ஜெயிக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். மாமனார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பச்சைச் சட்டை வெற்றி பெறும் என்று எதிர்பார்க்கப்படுகிறது" என்று தன் பழைய குரலில் அறிவித்தார். அன்றைக்குப் பச்சை ஜெயித்துவிட்டது. மாமனாரின் ஆரூடம் பலித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அதிலிருந்து வாராவாரம் பந்தயம் இல்லாத பந்தயம் ஒன்று நடந்தது. என் கணவர் சந்தா கட்டி, அந்த விளையாட்டு எங்கள் டிவியிலும் தெரிய ஏற்பாடு செய்தார். அணிகளின் பெயர்கள் மாமனாருக்கு நாக்கில் நிற்கவில்லை. கத்தரிப்பூ, காவி, கிளிப்பச்சை, நீலம் என்று சட்டை நிறத்தை வைத்துத்தான் பேசுவார். ஆரூடத்துக்கு அவர் சொல்லும் காரணங்கள் சம்பந்திக்கு மிகவும் பிடித்துப்போயின. காவி அணியின் பயிற்சியாளர் முகத்தில் காலையில் நல்ல காபி குடித்த களையே இல்லை, அதனால் தோற்பார்கள். கத்தரிப்பூக்காரர்கள் வட்டமாகக் கூடி நின்று நெடுநேரம் பேசுகிறார்கள். அவ்வளவு பேசுகிறவர்கள் காரியம் செய்ய மாட்டார்கள். நடுவர் மஞ்சள் துணியை வீசித் தவறு என்று நிறுத்தினால், "சிவப்பு சிக்னல் போட்டுட்டான்" என்பார்.

நீல அணி சம்பந்தியின் ஊர் அணி. ஆரம்பத்தில் மரியாதைக்காக ஒவ்வொரு வாரமும் நீலமே ஜெயிக்கும் என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். நீலம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சம்பந்தி கைகூப்பினார். அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்; நெஞ்சுக்கு நேரே சரியாகவே கூப்பினார். "தயவுசெய்து நாங்கள் தோற்போம் என்று சொல்லுங்கள்" என்றார். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் பேச்சு ஒருபோதும் கொழுந்தன் பக்கம் போகவில்லை. சில நாட்கள் அவன் அங்கேயே இருப்பான். சம்பந்தியின் சோபாவுக்குப் பின்னால் ஒரு தோளும் ஒரு கையும் திரையின் ஓரத்தில் தெரியும். அது யார் தோள் என்று மாமனாருக்குத் தெரியும். பார்வை அங்கே போய்விட்டு உடனே திரும்பிவிடும். அவனும் குனிந்து முகத்தைக் காட்டியதில்லை. "நான் வந்து நின்னா அவர் எழுந்து போயிடுவாரோன்னு இருக்கு மன்னி. அவர் சிரிக்கறதையாவது கேட்டுண்டிருக்கேனே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். அதை மாமனாரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. இடையில் புகுந்து கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

ஒரு வாரம் சம்பந்தி அழைக்கவில்லை. மாமனார் அனுப்பிய ஆரூடத்துக்கும் பதில் இல்லை. விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மாமனார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கொழுந்தன் எனக்கு அழைத்துச் சொன்னான். சம்பந்திக்குப் பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை வரவில்லை, பேச்சு போய்விட்டது. நான் கூடத்துக்கு வந்து அப்படியே சொன்னேன். மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "யாரு பேசினது?" என்றார்.

"அவன்தான்."

"லைன்ல இருக்கானா?"

இருந்தான். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம், "அப்பா, நான்தான்" என்ற குரல் எனக்கே கேட்டது.

"அவருக்கு நாம பேசறது புரியறதா?" என்று கேட்டார் மாமனார்.

"புரியறதுன்னுதான் டாக்டர் சொல்றார். பேசிண்டே இருங்கோங்கறார். நாங்க பேசறோம். ஜன்னலையே பார்த்துண்டு படுத்திருக்கார்."

"நீ என்ன பேசறே?"

"மருந்து சாப்பிட்டேளா, தூங்கினேளான்னு..."

"அதை நர்ஸ் கேப்பா" என்றார் மாமனார். "நான் அனுப்பறேன். போட்டுக் காட்டு."

அவ்வளவுதான் பேச்சு. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் வர்ணனை ஆரம்பமானது. டிவியைப் பார்த்துக்கொண்டே போனில் பேசிப் பதிவு செய்வார். பெரும்பாலும் ஆங்கிலம்தான், அவசரத்தில் தமிழும் வந்து விழும். பயணிகளின் கவனத்திற்கு என்றுதான் தொடங்குவார். நீல அணி மூன்று முறை முயன்று இரண்டு கஜம் மட்டுமே நகர்ந்திருக்கிறது, சிக்னல் கிடைக்காத சரக்கு வண்டிபோல லால்குடிக்கு வெளியே நிற்கிறது, தாமதத்திற்கு வருந்துகிறோம். இந்த ரீதியில் ஆட்டம் முடியும் வரை போகும். கொழுந்தன் அதை ஆஸ்பத்திரியில் சம்பந்தியின் காதருகே வைத்துப் போட்டுக் காட்டுவான். பிறகு மாமனாருக்குப் போன் செய்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இது அவர் போட்ட நிபந்தனை.

"கேட்டாராடா?"

"கேட்டார். ஜன்னல்லேர்ந்து திரும்பிப் பார்த்தார்."

"சிரிச்சாரா?"

"தெரியலைப்பா. வாய் ஒரு பக்கம்தான் அசையறது."

அடுத்த வாரமும் அதே கேள்விகள், ஏறக்குறைய அதே பதில்கள். சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துபோனாள். கண் விழித்துக் கேட்கிறார், தலையாட்டுகிறார், ஒரு சொல் வரவில்லை. மாமனார் சோர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை அவருடைய வர்ணனையில் ஏதோ உதைத்தது. நான் ரசத்துக்குப் பெருங்காயம் போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். "டச்டவுன், நான்கு பாயிண்ட்" என்று கணீரென்று அறிவித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கேட்டுக் கேட்டு எனக்கே தெரிந்திருந்தது. பதிவை நிறுத்தியதும், "அப்பா, ஆறு இல்லையோ?" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஸ்டேஷன்ல சரியாச் சொன்னா ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாம்மா. நடைமேடை நம்பரை மாத்திச் சொல்லிட்டா போதும், அத்தனை பேரும் என் ரூம் வாசல்ல வந்து நிப்பா."

அன்றைய பதிவில் அந்த நான்கு பாயிண்டை மூன்று இடங்களில் சொல்லியிருந்தார்.

மாமனார் இப்போது இல்லை. எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொழுந்தனும் ஓர்ப்படியும் வந்து எங்களோடு ஒரு மாதம் இருந்தார்கள். ஓர்ப்படியைத் தன் பக்கத்திலேயே அழைத்துக்கொண்டு மாமனார் கோயிலுக்கு நடந்தார். சம்பந்தியால் விமானத்தில் வர முடியவில்லை. இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போதெல்லாம் திங்கட்கிழமைகளில் எங்கள் டிவியில் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் ஓடுகிறது. இருந்தும் மாமனாரை நினைக்கும்போதெல்லாம் அந்த ஒரு காலைதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

அந்த நாலு பாயிண்ட் பதிவை அனுப்பி வெகு நேரமாகியிருந்தது. நான் புடவை மாற்றிக்கொண்டு, வேலைக்குப் போக, சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பில் கால் நுழைத்துவிட்டேன். போன் அடித்தது. மாமனார் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் கொழுந்தன், "அப்பா" என்றான். பின்னால் ஓர்ப்படி அழுவதும் சிரிப்பதும் கேட்டது.

"என்னடா?" என்றார் மாமனார். எழுந்து நின்றுவிட்டார்.

"பேசிட்டார்ப்பா. முதல் தடவை நாலுன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரெண்டாவது தடவை இடது கையால மெத்தையைத் தட்டினார். மூணாவது தடவை 'சிக்ஸ்'னார். தெளிவா. கோபமா. 'சிக்ஸ், சிக்ஸ்'னு சொல்லிண்டே இருக்கார்ப்பா."

மாமனார் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன். வழக்கமாக இந்த இடத்தில் மாமனார் "சரி, வெச்சுடறேன்" என்பார். அன்றைக்குச் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் யார் ஜெயிப்பான்னு நினைக்கறே?" என்று கேட்டார்.

"யாரைக் கேக்கறேள்? அவரையா?"

"உன்னைத்தான்டா."

"எனக்கு அந்த விளையாட்டே புரியாதுப்பா. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் ஒரு மேட்ச்கூட முழுசாப் பார்த்ததில்லை. நீங்க சிரிக்கறதைக் கேக்கத்தான் அவர் வீட்டுல வந்து நிப்பேன்."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது குரல் பழையபடி இருந்தது.

"அதனால என்ன? நான் சொல்லித் தரேன். கேட்டுக்கோ. மொதல்ல, பத்து கஜம் போறதுக்கு நாலு சான்ஸ் குடுப்பான்."

"ஏன்ப்பா நாலு?"

"குறுக்கே பேசாதே. சொல்றேன்" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு அமெரிக்காவின் விளையாட்டு விளக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கலந்தேன்.